சின்ன கம்பெனிக்கும் ஆபீஸ் மெயில், சொந்த மெயில் என்று தனித்தனியாக வேண்டுமா?

12 பேர் வேலை பார்க்கும் கம்பெனி, எல்லாரும் சொந்த ஜிமெயிலிலேயே வேலையை ஓட்டுகிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை, தனி மெயிலுக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நாங்களும் உங்களைப் போலத்தான் இருந்தோம்.

ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி, எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு ஜெர்மனி பையரோடு தன் சொந்த ஜிமெயிலில்தான் பேசுவான். ஒருமுறை ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்தும் பணம் வரவில்லை. மெயில் போட்டோம், பதிலே இல்லை. போனில் பிடித்தபோது, "நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்குப் போன வாரமே போட்டுவிட்டோமே" என்றார்கள். அவர்களுக்கு வந்த மெயிலை வாங்கிப் பார்த்தோம். தம்பியின் ஐடியிலிருந்தேதான் போயிருந்தது. எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் இன்வாய்ஸ் நம்பர், டாலர் தொகை எல்லாம் சரி. வங்கியும் கணக்கு எண்ணும் மட்டும் வேறு.

அன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்தேன். வரும் மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் ஃபில்டர் பகுதியில் அவன் போடாத ஒரு வரி இருந்தது: அந்த பையரின் மெயிலில் 'பேமென்ட்', 'பேங்க்' என்ற சொற்கள் வந்தால் இன்பாக்ஸுக்கு வராமல், முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த ஃபில்டர் போகாது, நாமே தேடி அழித்தால்தான் உண்டு. அவன் ஒரே பாஸ்வேர்டை நாலைந்து இடத்தில் வைத்திருந்தான், அதில் ஒன்று கசிந்துதான் திருடன் உள்ளே வந்திருக்க வேண்டும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். ஆனால் ஒரு வாரம் ஓடிவிட்டது, பணம் திரும்பவில்லை. தம்பி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கென்று ஒரு ஆபீஸ் மெயில் கொடுக்காத எங்கள் மேல்தான் வந்தது.

தனி மெயில் இருந்தால் மட்டும் திருடன் வரமாட்டானா என்று கேட்கலாம். வருவான். ஆனால் ஆபீஸ் கணக்கு என்றால் பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லாருக்கும் கட்டாயமாக்கலாம், எந்த ஊரிலிருந்து லாகின் ஆகியிருக்கிறது என்று பார்க்கலாம், வெளியே ஃபார்வர்ட் ஆவதையே தடுக்கலாம், சந்தேகம் வந்த நிமிடமே பூட்டலாம். ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் கம்பெனி இதில் எதையும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதில் அவர் வீட்டு விஷயம் இருக்கிறது.

இன்னொன்று, மெயிலைப் பிரித்துவிட்டு பிரவுசரைப் பிரிக்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஒக்டா என்ற அமெரிக்க கம்பெனிக்கு, பிற கம்பெனிகளின் லாகினைப் பாதுகாப்பதுதான் தொழில். அங்கேயே 2023-இல் ஓட்டை விழுந்தது. ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பின் குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கில் நுழைந்திருக்கிறார். ஆபீஸ் பாஸ்வேர்ட் ஒன்று அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகிவிட்டது. திருடர்கள் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று ஒக்டாவே சொன்னது. 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் மாட்டின. 2022-இல் சிஸ்கோவிலும் கிட்டத்தட்ட இதே கதை. அதனால் குரோமில் ஆபீஸுக்கு ஒரு புரொஃபைல், வீட்டுக்கு ஒரு புரொஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறமே வேறு வேறாக இருந்தால் கை தவறாது.

உங்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஜிஎஸ்டி போர்ட்டலையும் நெட்பேங்கிங்கையும். அவற்றில் பதிவாகியிருக்கும் மெயில் யாருடையது? எங்கள் ஜிஎஸ்டியில் வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட ஒரு அக்காவின் ஜிமெயிலும் மொபைல் நம்பரும் இருந்தன. ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாளில் ஓடிபி அவருக்குப் போனது. நல்ல மனுஷி, கேட்டதும் சொன்னார். அவர் எடுக்காமல் போயிருந்தால் மாற்றக் கேட்டு ஜிஎஸ்டி அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருப்போம்.

செலவு என்று பார்த்தால், டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் உங்கள் கம்பெனிப் பெயருக்கு, வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். மெயிலுக்கு ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் எதை எடுத்தாலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். டொமைனை முதலாளி பெயரிலேயே வாங்குங்கள், வெப்சைட் போட்டுத் தரும் பையன் பெயரில் வேண்டாம். அட்மின் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பள்ளிக்கூட வாட்ஸப் குழு, ஆன்லைன் ஷாப்பிங், கல்யாண மேட்ரிமோனி எதிலும் ஆபீஸ் மெயிலைக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தத் தளங்களில் ஒன்று கசிந்தாலும் உங்கள் முகவரி திருடன் கைக்குப் போய்விடும்.

நாங்கள் மாறிய வாரத்திலேயே எல்லா பையர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினோம்: எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் மட்டும் சொல்லமாட்டோம், போனும் செய்வோம், போன் வராமல் மெயில் மட்டும் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. முதல் பதில் அந்த ஜெர்மனி பையரிடமிருந்துதான் வந்தது. அவர்களும் அப்படியே செய்வதாக எழுதியிருந்தார்கள்.