மகள் சுழல் சிதைவு படிக்கப் போகிறாளாம், வேலை கிடைக்குமா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மகளின் விருப்பத்தைச் சொல்லிக் கவலைப்படுகிறீர்கள். வேலை உண்டு. ஆனால் "சுழல் சிதைவு" என்று பெயர் போட்டு யாரும் ஆள் எடுப்பதில்லை. அது நிகழும் எந்திரங்களுக்குத்தான் ஆள் தேவை.

சுழன்றபடி முன்னேறும் நீரோ காற்றோ, சுழற்சி ஓர் அளவை மீறினால் நடு அச்சில் திடீரென்று நின்று, அங்கே பின்னோக்கிப் பாயத் தொடங்கும். இதுதான் சுழல் சிதைவு. 1957இல் பிரிட்டனில் பெக்கம், அட்கின்சன் என்ற ஆய்வாளர்கள் கூர்முனை இறக்கைச் சோதனையில் இதைக் கண்டார்கள். போர் விமானத்தில் இது வாலை அதிர வைக்கும். பிரான்சிஸ் நீர்மின் டர்பைன் குறைந்த சுமையில் ஓடும்போது வெளியேற்றக் குழாயில் கயிறுபோல் முறுக்கிச் சுழன்று, அழுத்தத்தை ஏற்றி இறக்கும். காஸ் டர்பைன் எரிகலனில் மட்டும் இதை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். திரும்பி வரும் சூடான வாயுதான் சுடரை அணையாமல் பிடித்து வைக்கிறது. தொழிற்சாலை வேலைகள் அதிகம் இருப்பது இந்தக் கடைசிப் பிரிவில்தான் என்பது என் கணிப்பு.

இந்தத் துறையின் உயிர் கணிதம். படங்களின் அழகில் மயங்கி வருபவர்கள் ஐகன் மதிப்புகளில் (ஓட்டத்தில் ஒரு சிறு அசைவு வளருமா, அடங்குமா என்று சொல்லும் எண்கள்) திணறுவார்கள். ஆகவே விடுமுறையில் ஒரு சோதனை செய்யட்டும். பேச்லர் சுழல் என்ற எளிய கணித மாதிரியின் நிலைத்தன்மையை, செபிஷேவ் முறை என்ற எண்கணிப்பு முறையில், பைதான் நிரலில் கணக்கிட வேண்டும். பாகுத்தன்மை இல்லாத நிலையில், சுழல் அளவெண் (முன்னோக்கிய வேகத்தோடு ஒப்பிட்ட சுழற்சியின் அளவு) 1.41க்குக் கீழே இருந்தால் ஓட்டம் நிலைகுலையும் என்று லைபோவிச், ஸ்டூவர்ட்சன் 1983இல் காட்டினார்கள், அதோடு ஒப்பிடலாம். பலரும் சறுக்குவது அச்சு எல்லை நிபந்தனையில். கோண அலையெண் (அச்சைச் சுற்றி ஒரு சுற்றில் எத்தனை அலை என்ற எண்) 0 என்றால் அச்சில் ஆரத் திசைவேகம் சுழியம்; 1 என்றால் அப்படி இல்லை. கணக்கிடும் புள்ளிகளை 40இலிருந்து 80 ஆக்கும்போது நகர்ந்துவிடும் ஐகன் மதிப்புகள் போலி. இதை விடாமல் முடித்தால் தயங்காமல் அனுப்புங்கள். பாதியில் சலித்தால் எரிகலன் வடிவமைப்பு, கணினிப் பாய்மக் கணிப்பு என்று திருப்பலாம். அதுவும் நல்ல பாதை.

அடுத்தது பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு. அதில் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளில் கணிதம் கட்டாயம், 15 மதிப்பெண். பாய்ம இயக்கவியலுக்கு 35. சென்னை ஐஐடியின் அப்ளைட் மெக்கானிக்ஸ், பெங்களூரு ஐஐஎஸ்சி இரண்டையும் குறி வைக்கலாம். நேரே பிஎச்.டி.க்குப் போகாமல், முதலில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதே பாதுகாப்பு. பிஎச்.டி.யில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சேருமுன் அந்த ஆய்வகத்தில் கோட்பாட்டோடு நீர்க்குழாய்ச் சோதனையும் நடக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் தெரிந்தவரைத்தான் டர்பைன் நிறுவனங்கள் விரும்பும்.