நிலநடுக்கம் ஆள் பார்த்தா வருகிறது?

கேள்வி: எந்த ஊர் எவ்வளவு அதிரும் என்று காட்டும் வரைபடம்தான் இருக்கிறதே? ‘சமூக நலிவு வரைபடம்’ என்று தனியாக ஒன்று எதற்கு? நிலநடுக்கம் ஆள் பார்த்தா வருகிறது?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஆள் பார்த்து வருவதில்லை. பேரிடர் வந்தால் எந்த வட்டாரத்து மக்கள் அதிகம் அடிபடுவார்கள், மீள முடியாமல் தவிப்பார்கள் என்று காட்டுவதுதான் சமூக நலிவு வரைபடம். ஆனால் பிழைப்பதும் சாவதும் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1995 ஜனவரி 17 விடிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே குலுங்கியது. இறந்த 6,434 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுபதைத் தாண்டியவர்கள். கனத்த ஓடு வேய்ந்த பழைய மரவீடுகளில் உறங்கியவர்கள் அவர்கள். குறைந்த வாடகைக்காக அதே மாதிரிக் கட்டடங்களில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களும் மாண்டார்கள். எழுபது வயதுப் பாட்டியையும் இருபது வயதுப் பையனையும் ஒரே கதிக்கு ஆளாக்கியது அந்த வீடு.

நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். பள்ளிகள் மூடியிருந்ததால் பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அதிர்வின் மையம் கோர்க்கா மாவட்டத்துப் பர்பாக். மிக அதிகமானோர் இறந்ததோ கிழக்கே சிந்துபால்சோக்கில். நிலப்பிளவு கிழக்கு நோக்கி ஓடியது ஒரு காரணம், மண் குழைத்துக் கட்டிய கல்வீடுகள் இன்னொரு காரணம். நாடு முழுவதும் இறந்த ஏறத்தாழ 9,000 பேரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

சிந்துபால்சோக்கில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மாமியார், மருமகள், இரண்டு குழந்தைகள். மகன் கத்தாரில் கட்டட வேலை. வீடு கட்ட அரசு தந்தது 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையாக. முதல் தவணை 50,000. பொறியாளர் வந்து அஸ்திவாரத்தைச் சரி என்று சொன்னால்தான் அடுத்தது. கல் சுமக்க வீட்டில் ஆள் இல்லை. மருமகள் கூலிக்கு ஆள் வைத்தாள். நிலப்பத்திரமோ இறந்துபோன மாமனார் பெயரில்! பக்கத்து வீட்டுக்காரர் கூரை போட்டுவிட்டார்; இவர்கள் தகரக் கொட்டகையிலேயே இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அதிர்வுதான்.

கேள்வி: அந்த வரைபடத்தை எப்படித் தயாரிக்கிறார்கள்? நம்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சூசன் கட்டர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 2003-இல் சகாக்களுடன் வெளியிட்ட முறை பலருக்கும் அடிப்படை. வயது, வருமானம், வீட்டு வகை என 42 விவரங்களை எடுத்து 11 காரணிகளாகச் சுருக்கி, மாவட்டம் மாவட்டமாக மதிப்பெண் கொடுத்தார்கள்.

திசை காட்ட அது போதும். ஆனால் சராசரியை நம்பி நிவாரணம் பிரிப்பது எனக்கு ஒப்பாது. நன்றாக வாழும் ஐம்பது வீடுகளுக்கு நடுவே நிலமில்லாத மூன்று குடும்பங்கள் இருந்தால், வட்டாரமே நலிவு குறைந்தது என்று பச்சை நிறத்தில் தெரியும். கணக்கெடுப்பும் பழசாகிவிடுகிறது, மகன் வெளிநாடு போனது அதில் ஏறியிருக்காது. மலைக் கிராமத்துக்கு அமெரிக்கக் கேள்விகள் மட்டும் போதாது. சாலை எத்தனை மணி நேர நடை, பத்திரம் யார் பெயரில், படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். ஊர்த்தலைவரிடம் கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். தண்ணீர்க் குழாயடியில் பெண்களிடம் கேளுங்கள், விட்டுப்போன பெயர்கள் வரும். அந்தப் பெயர்களையும் சேர்த்த பிறகு வரைபடத்துக்கு நிறம் தீட்டட்டும்.

கேள்வி: கணினி முன் அமர்ந்தே உதவ முடியுமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தாராளமாக. 2015-இல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் சேர்த்து வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் நேபாளத்தின் சாலைகளையும் வீடுகளையும் வரைந்தார்கள். காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற நேபாள அமைப்பு அங்கிருந்தே அதை ஒருங்கிணைத்தது. மீட்புக் குழுக்களுக்கு வழி தெரிந்தது. வீட்டுக்குள் இருப்பவர் யார் என்ற விவரத்தை மட்டும் உள்ளூரில் ஒருவர் நடந்துபோய்த்தான் சேகரிக்க வேண்டும். அவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்.