லேப்டாப்பில் வயர்லெஸ் மவுஸின் கர்சர் திக்கித் திக்கி நகர்கிறது. மவுஸ் கெட்டுவிட்டதா? புளூடூத் மவுஸாக வாங்கிவிடலாமா?

அவசரப்பட்டு மவுஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஒன்றை ஓரங்கட்டிவிட்டு, இன்னொன்று வாங்கினேன். புதியதும் அதே மாதிரி திக்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கோளாறு மவுஸில் இல்லை என்று.

என் லேப்டாப்பின் வலது பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி போர்ட்கள் ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் மவுஸின் டாங்கிள், அதாவது மவுஸ் அனுப்பும் சிக்னலை வாங்கிக்கொள்ளும் குட்டி யூஎஸ்பி துண்டு. பக்கத்துப் போர்ட்டில் தேவைப்படும்போது வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவேன். படங்களை எல்லாம் அதில் நகலெடுக்கும் நாளில் மட்டும் கர்சர் அடம்பிடிக்கும். நகர்த்தினால் நிற்கும், விட்டால் நாலு விரற்கடை தாவும். பேட்டரிதான் போச்சு என்று புதிது போடுவேன். அதற்குள் நகலெடுப்பதும் முடிந்திருக்கும், மவுஸும் சரியாகிவிடும். பேட்டரி மாற்றியதால்தான் சரியானது என்று நானும் நம்பிக்கொள்வேன். இப்படி எத்தனை நல்ல பேட்டரிகளை வீணடித்தேனோ தெரியாது.

உண்மையான காரணம் இதுதான். டாங்கிளோடு வரும் மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. வெளி ஹார்ட் டிஸ்க் போன்றவை பயன்படுத்தும் யூஎஸ்பி 3.0 இணைப்பில் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவல் ஓடும்போது, போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அதில் ஒரு பங்கு சரியாக இந்த 2.4 பக்கமே வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கையில் இதை விளக்கியிருக்கிறது. மவுஸ் அனுப்பும் சிக்னலோ மிக மெல்லியது. சந்தைக்கடை நடுவில் நின்று ஒருவர் காதோடு ரகசியம் சொன்னால் என்ன கேட்கும்? டாங்கிளுக்கும் அதே கதிதான்.

அதனால் முதலில் டாங்கிளை இடம் மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் மறுபக்கத்தில் போர்ட் இருந்தால் அங்கே செருகுங்கள். வேகம் குறைந்த பழைய வகையான யூஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் இன்னும் நல்லது. (உள்ளே நீலமாக இருந்தால் 3.0, கறுப்பாக இருந்தால் 2.0 என்பார்கள். எல்லா லேப்டாப்பிலும் இந்தக் கணக்கு சரிவராது.) அதுவும் இல்லையென்றால் ஒரு முழ நீளத்துக்கு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். அதன் முனையில் டாங்கிளைச் செருகி, மவுஸுக்குப் பக்கத்திலேயே மேசைமேல் போட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் அதைப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒருமுறைகூட கர்சர் நின்றதில்லை. ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் சொருகிய ஹப்பிலேயே (ஒரு போர்ட்டைப் பல போர்ட்களாக்கும் பெட்டி) டாங்கிளையும் செருகுவது நம்மில் பலர் செய்யும் தவறு. அதைவிட மோசமான இடம் அதற்குக் கிடைக்காது.

ஹார்ட் டிஸ்க் எதுவும் ஓடாதபோதும் கர்சர் திக்குகிறதா? அப்படியானால் மவுஸுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஓட்டிப் பாருங்கள். மவுஸுக்குள்ளிருக்கும் சென்சார், மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. கண்ணாடி மேசையிலும் பளபளப்பான பரப்பிலும் ஒப்பிட அடையாளமே கிடைக்காமல் திணறும். தாளின் மேல் ஒழுங்காக ஓடினால் மவுஸ்பேட் போதும், மவுஸ் மாற்ற வேண்டாம். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டு மறுபடி நகர்த்தும்போது மட்டும் ஒரு நொடி தாமதமானால், அது பேட்டரியை மிச்சம் பிடிக்க மவுஸ் போடும் குட்டித் தூக்கம். அதை விட்டுவிடலாம்.

சரி, புளூடூத் கேள்விக்கு வருகிறேன். அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால், வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரைச்சலான சேனலை விட்டு வேறு சேனலுக்குத் தாவிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. பல லேப்டாப்களில் அதன் ஆன்டெனா திரைப் பக்கம் இருப்பதால் போர்ட்டின் இரைச்சலிலிருந்தும் சற்றுத் தள்ளியே இருக்கும். ஒரு போர்ட் மிச்சம். தொலைந்துபோக டாங்கிளும் இல்லை. இன்னொன்றும் அதற்குச் சாதகம்: 2016-ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், புளூடூத் அல்லாத பல டாங்கிள்கள் வழியாகத் தொலைவிலிருந்தே கம்ப்யூட்டருக்குள் போலியான விசைத் தட்டல்களை அனுப்ப முடியும் என்று காட்டியது. மவுஸ்ஜாக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உங்களுடையது பழைய டாங்கிள் என்றால், தயாரிப்பாளர் தளத்தில் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புளூடூத்தில் எனக்குப் பிடிக்காதது, இயங்குதளம் முழுதாக எழும்வரை அது பெரும்பாலும் வேலை செய்யாது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) போகும்போது எல்லாம் கை விரித்துவிடும். டாங்கிள் மவுஸ் அங்கேயும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். எனவே புதிதாகத்தான் வாங்குவேன் என்றால் இரண்டு வழியிலும் இணையும் மாடலாகப் பாருங்கள். நான் இப்போது வைத்திருப்பது அதுதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேடை அணைத்துவைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கும். தட்டச்சு செய்கையில் உள்ளங்கை பட்டுக் கர்சர் எங்கோ ஓடுவது அதனால் நிற்கும், நானும் போட்டுவைத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு முக்கியமான அழைப்புக்கு நடுவில் மவுஸின் பேட்டரி தீர்ந்துபோனது. டச்பேடும் அசையவில்லை. டாங்கிள் செருகியே இருந்ததால், மவுஸ் இருக்கிறது என்றே லேப்டாப் நினைத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியிருந்தால் அந்த நொடியே டச்பேட் வேலை செய்திருக்கும். அது எனக்குத் தோன்றுவதற்குள் அழைப்பே முடிந்துவிட்டது.