பாலம் எழும்பிய காலத்துப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

● வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம்; தூண்கள் நிற்கின்றன, மேல்தட்டு இன்னும் போடவில்லை. தேதி எதுவும் இல்லை. எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், மேலப்பாளையம்

ஆண்டை நெருங்கிவிடலாம், மாதத்துக்கு வெயில் உதவும். பாலம் திறந்தது 1973இல். ஆகவே படம் அதற்கு முந்தியது.

முதலில் படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைக் கவிழ்த்துப் போட்டு எடுத்த பிரிண்டுகள் நிறைய உண்டு. போர்டு எழுத்து தெரியாவிட்டால், லாரியின் ஸ்டீயரிங் வலப்பக்கமா, ஆண்களின் சட்டைப்பை இடது மார்பிலா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இதில் தப்பினால் திசை மொத்தமும் தப்பும்.

அடுத்தது நிழல். நம் ஊர் வடக்கு 8.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயிலில் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. தண்டவாளத்தின் போக்கை வைத்துத் திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிழல் காலடியிலேயே குட்டையாகக் கிடந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். நீண்ட நிழல் என்றால் காலை அல்லது மாலைப் படம், விட்டுவிடுங்கள்.

வண்டியில் ‘டிஎன் 72’ என்ற நம்பர் தெரிந்தால், அது கட்டும்போது எடுத்த படமே அல்ல. பிற்பாடு நடந்த மராமத்து. கட்டபொம்மன் பெயர் போட்ட பேருந்து நின்றாலும் அப்படித்தான், அந்தக் கழகம் ஓடத் தொடங்கியது 1974இல்.

படம் ஏறக்குறைய 6 செ.மீ. சதுரமா? அப்படியானால் ஆக்ஃபா கிளிக் 3 மாதிரியான கேமராவில் 120 ரோலில் எடுத்து, நெகட்டிவ் அளவிலேயே போட்ட கான்டாக்ட் பிரிண்டாக இருக்கலாம். ரோலுக்கு 12 படம். மிச்சம் 11 எங்கே என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடுங்கள். நெகட்டிவ் அகப்பட்டால் 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், சதுரத்தின் ஒரு பக்கத்துக்கு 5,000 பிக்சலுக்கு மேல் வரும். பிரிண்ட் மட்டும்தான் என்றால் 1200 போதும்.

● சுலோசன முதலியார் பாலம் கட்டும்போது 1842இல் எடுத்த புகைப்படம் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகர், வண்ணார்பேட்டை

வேண்டாம். பாலம் திறந்தது 1843இல். பாரிஸில் புகைப்படக் கலையை உலகுக்கு அறிவித்ததே 1839இல்தான். சென்னையில் புகைப்படச் சங்கம் வந்தது 1856இல்; மதுரைக் கோயிலை ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் படமெடுத்தது 1858இல். அதற்கெல்லாம் முந்தித் தாமிரபரணிக் கரையில் கேமராவா! வளைவுக்கு அடியில் மர முட்டு தெரிகிறது என்பார் விற்பவர். அது மராமத்தாக இருக்கலாம், வேறு ஊர்ப் பாலமாகவும் இருக்கலாம். முழுப் பாலமும் தெரிந்தால் வளைவுகளை எண்ணுங்கள், நம்முடையதில் 11. பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள். 10 மடங்கு லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்திலோ பிரிண்டரிலோ வந்த சரக்கு.

● மணிமுத்தாறு அணை கட்டும்போது எடுத்த குரூப் போட்டோ பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

ஊறவைக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். மேல்பூச்சு ஜெலட்டின், ஈரத்தில் இளகிக் காய்ந்து பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போகும். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே விடும்.

பின் அட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். மெலிந்த சிஐஎஸ் ஸ்கேனர் ஒட்டிக் கிடப்பதைத்தான் தெளிவாக எடுக்கும், அதில் கண்ணாடித் தடிமனுக்கே படம் மங்கும். சற்று எட்டி இருப்பதையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கேனர் உள்ள ஸ்டூடியோவாகப் பாருங்கள். கேமரா என்றால் பிளாஷ் கூடாது. இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. இல்லாவிட்டால் எடுப்பவர் முகமும் குரூப்பில் சேர்ந்துவிடும்.

புதிய பிரதிக்குப் பிரேம் போடும்போது, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சுற்றிலும் 2 மி.மீ. அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் பெயர் எழுத மிருதுவான 4பி பென்சில். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் புடைக்கும்.