குறும்படத்தில் சினிமாப் பாட்டு

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் குறும்படத்தில் ஒரு சினிமாப் பாட்டு 30 நொடி வருகிறது. ஆண்டு விழாவில் போடலாமா? யூடியூபில் ஏற்றலாமா?
– ஓர் ஆசிரியை, தேனி

பதில்: விழாவில் போடுங்கள், டீச்சர். ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளித் திரையிடலுக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. யூடியூப் ஊருக்கே பொது. அந்த விலக்கு அங்கே செல்லாது. 30 நொடிக்குள் என்றால் பரவாயில்லை என்பார்கள், நம்பாதீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

யூடியூபிலும் ஏற்ற வேண்டுமென்றால், சினிமாப் பாட்டுக்குப் பதில் ஒரு பழைய கீர்த்தனையை வையுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் கீர்த்தனை யாருக்கும் பொது. ஆனால் இன்றைய வித்வானின் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. அதனால் வயலின் கற்கும் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்தாலே போதும், மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள். அப்புறம், பெயர்ப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.