மேற்கே வெயில், கிழக்கே கருமேகம்: உயரமான பூச்செடிகளைப் படமெடுக்க – வாசகர் கேள்வி பதில்

ஊரணிக் கரையில் சீமை அகத்தி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்து நிற்கிறது. சாயங்காலம் சிவந்த வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் செடி கரிக்கட்டை போல விழுகிறது. செடி தெரியும்படி எடுத்தால் வானம் வெளுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கானாடுகாத்தான்

நிற்கும் பக்கத்தை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். மேற்கு வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளிச்சம் விழும் இடம் கிழக்குதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் சாயங்கால மழை கட்டும்போது கிழக்கே மேகம் மைபோல் கறுத்திருக்கும். மேற்கே ஓர் இடைவெளி விட்டால் போதும், தாழ்ந்த வெயில் நேராகச் செடிமேல் பாயும். மஞ்சள் பூங்கொத்துக்குக் கருநீல மேகத்தைப் போலப் பொருந்தும் பின்னணி வேறில்லை.

உங்கள் நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, கேமரா பார்க்க வேண்டியது அந்தப் பக்கம். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தென்மேற்கே தள்ளி மறைவதால் நிழல் வடகிழக்கே விழும். திசையை மனக்கணக்காகப் போடாமல் நிழலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அந்த நிழலே தொல்லையும் தரும். சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஐந்தரை அடி ஆளின் நிழல் 30 அடிக்கு மேல் நீளும், செடியின் அடியில் ஏறிவிடும். நான்கைந்து எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் நிழலும் விலகும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பூங்கொத்துக்குத் திரட்சியும் கிடைக்கும். வெயில் நேர் முதுகில் விழுந்தால் பூ தட்டையாகத்தான் வரும்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. கருமேகம் படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அப்போது பூ வெளுத்துப்போகும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் வெயில் பட்ட இலையை அளந்து வையுங்கள். அல்லது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை 1 முதல் 1⅓ ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). மேகம் கறுப்பாகவே இருக்கட்டும், அதுதானே நமக்கு வேண்டும்! ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் 1/500 நொடி என்று தொடங்கிப் படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். இருட்டத் தொடங்கியதும் சீமை அகத்தியின் இலைகள் இணை இணையாக மடங்கும். அகன்ற பச்சை ஒதுங்க, நிமிர்ந்த பூங்கொத்துகள் தனித்துத் தெரியும். கொத்தின் அடியில் விரிந்த மஞ்சள் பூ, நுனியில் ஆரஞ்சுச் செதில் மூடிய மொட்டு; ஃபோகஸை இரண்டும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள்.

மஞ்சள் பூக்கள் இதழே தெரியாமல் ஒரே சாயத் திட்டாக விழுகின்றன. ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகத்தான் காட்டுகிறது.
– வாசகர், தேவகோட்டை

நீங்கள் பார்ப்பது மொத்த ஒளிக்கான ஹிஸ்டோகிராம். மஞ்சளில் சிவப்பும் பச்சையும்தான் நிறைந்திருக்கும். அதன்மேல் அந்தி வெயிலின் சிவப்பும் சேரும்போது சிவப்புச் சேனல் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். மொத்தக் கணக்கில் அது தெரியாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை கேமரா மெனுவில் திறந்து வையுங்கள். சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் இன்னும் ⅔ ஸ்டாப் குறையுங்கள். பிக்சர் ஸ்டைல் ‘விவிட்’ அல்லது ‘லேண்ட்ஸ்கேப்’ என்றிருந்தால் ‘நியூட்ரல்’ ஆக்குங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத முழுப் பதிவாக எடுப்பது நல்லது.

வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கவே கூடாது. வெயிலின் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்து அது நீலத்தைக் கலந்துவிடும். ‘டேலைட்’, அதாவது 5,500 கெல்வினை ஒட்டி நிறுத்துங்கள்.

வேலியோர ரயில் கற்றாழையின் பூத்தண்டு 20 அடி உயரம். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவது போல் இருக்கிறது.
– வாசகர், பள்ளத்தூர்

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததும் சென்சாரும் (உள்ளே படம் பதியும் தகடு) தண்டும் இணையாக இல்லாமல் போகின்றன. அதனால்தான் அந்தச் சாய்வு. பின்னால் போவதுதான் வழி. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவை 50 மி.மீ. லென்ஸோடு செங்குத்தாகப் பிடித்தால் 20 அடித் தண்டு படத்தில் அடங்கவே 28 அடி தள்ளி நிற்க வேண்டும். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட 35 அடி. அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் 50 அடி. இடமிருந்தால் 200 மி.மீ. லென்ஸோடு 130 அடி போங்கள். அங்கிருந்து கேமராவை ஏறக்குறைய மட்டமாகப் பிடிக்கலாம். பின்னாலுள்ள மேகமும் பெரிதாகி நெருங்கி நிற்கும்.

இடம் இல்லையென்றால் சாய்வை ஒளிக்க நினைக்காதீர்கள். 24 மி.மீ. லென்ஸோடு தரையோடு தரையாக உட்கார்ந்து, தண்டு வானத்தைக் குத்திக்கொண்டு போவது போல் துணிந்து எடுங்கள். அரைகுறைச் சாய்வுதான் கண்ணை உறுத்தும்.

இந்தக் கற்றாழை வாழ்நாளில் ஒரே முறை பூத்து, பிறகு பட்டுப்போகும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் கொல்லையைச் சுற்றிப் பத்தடி மதில். அந்தி வெயில் உள்ளேயே வராது. படமெடுக்க வழி உண்டா?
– வாசகி, கொத்தமங்கலம்

மேற்கு மதில் உங்களுக்கு வரம். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது, மதிலிலிருந்து 33 அடி தள்ளி நிற்கும் செடியில் தரையிலிருந்து 4 அடி வரைதான் நிழல் ஏறியிருக்கும். 8 அடிச் செடி என்றால் மேல் பாதி முழுக்க வெயில். சுமார் 20 நிமிடத்தில் சூரியன் 5 டிகிரிக்கு இறங்கும். நிழல் 7 அடிக்கு ஏறும். அப்போது உச்சிக் கொத்து மட்டும் திரி ஏற்றிய விளக்குப் போல நிற்கும், கீழே எல்லாம் இருட்டு. இந்தப் படத்துக்குக் காசு கொடுத்து லைட் வாங்கினாலும் ஈடாகாது.

மதிலுக்கு வெளியே மரமோ மாடியோ மறைக்காமல் இருக்க வேண்டும். பின்னணியாக நிழலில் கிடக்கும் பின்கட்டுச் சுவரோ தாழ்வாரமோ அமையும்படி வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் வெயில் பட்டுக்கொண்டிருந்தால் அதைப் படத்துக்குள் விடாதீர்கள். பூவை முந்திக்கொண்டு கண்ணை இழுக்கும்.

போன் கேமரா போதுமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

போதும். பூவை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள். சூரியக் குறியைக் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணையுங்கள், அது நிழலையெல்லாம் வெளுத்துவிடும். தூரத்தைக் கிட்டக் காட்டும் தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விரலால் விரித்து ஜூம் செய்ய வேண்டாம்.

போனுக்கு நல்ல பாடம் துத்தி. அதன் பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும். சூரியனைத் தண்டுக்குப் பின்னால் மறைத்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். தண்டிலும் சக்கரம் போன்ற காயிலும் உள்ள மெல்லிய ரோமம் வெயிலை வாங்கி, விளிம்பு முழுக்க வெள்ளிக் கோடாக மின்னும். லென்ஸில் விரல் ரேகை இருந்தால் எல்லாம் புகைமூட்டமாகிவிடும். வேட்டி நுனியால் ஒரு துடை, பிறகு படம்.

சூரியன் மறைந்த பிறகு ஃப்ளாஷ் போட்டால் பூ பேயறைந்தது போல வெளுக்கிறது.
– வாசகர், ஆத்தங்குடி

ஃப்ளாஷின் வெள்ளை வெளிச்சம் ஆரஞ்சு வானத்தோடு ஒட்டாது. முகப்பில் அரை சிடிஓ ஜெல் (ஆரஞ்சு நிறத் தாள்) ஒட்டுங்கள். ஃப்ளாஷ் 3,800 கெல்வினை ஒட்டி வந்துவிடும். அளவை 1⅔ ஸ்டாப் குறைத்து, கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் மறைந்த பின் நல்ல வெளிச்சம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்காது, ஆகவே ஜெல்லை முன்பே ஒட்டி வையுங்கள்.

காற்றில் தண்டு ஆடிக்கொண்டே இருக்கிறது. எப்போது நிற்கும்?
– வாசகி, கண்டனூர்

உயரமான தண்டு லேசான காற்றுக்கே நுனியில் அரையடி ஆடும். ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள். அதற்காக ஐஎஸ்ஓ 1600 வரை ஏற்றலாம், தப்பில்லை. ஒரு பக்கம் ஓடி முடித்துத் திரும்பும் நொடியில் தண்டு ஒரு கணம் நிற்கும்; அதைக் குறிவைத்துத் தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். அடித்தண்டை மூங்கில் குச்சியோடு தளர்வாகக் கட்டலாம். மழைக்கு முன் காற்று ஓய்வதும் உண்டு, ஆனால் இடி கேட்டுவிட்டால் கண்மாய்க் கரையிலும் திறந்த பொட்டலிலும் நிற்கக் கூடாது. டிரைபாடை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுங்கள்; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.