வால்நட் பருப்பு கறுப்பது ஏன்? பச்சைத் தோலை எப்போது உரிக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் தோட்டத்து வால்நட் மரத்தில் காய்களின் பச்சைத் தோல் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. சென்ற ஆண்டு கீழே விழுந்தவற்றைச் சாக்கில் சேர்த்துவைத்து இரண்டு வாரம் கழித்து உரித்தபோது, பாதிக்கு மேல் பருப்பு கறுத்துக் கசந்தது. மரத்திலிருந்தே பறித்துவிடலாமா?

பதில்: பறிக்கலாம், ஆனால் உங்கள் பருப்பைக் கெடுத்தது சாக்கில் கழிந்த அந்த இரண்டு வாரம்தான். ஈரத்தோடு குவிந்து கிடக்கும் பச்சைத் தோல் அழுகிக் கருஞ்சாறாக மாறும். அது ஓட்டின் இணைப்புக்கோடு வழியாக உள்ளே கசிந்து பருப்பின் நிறத்தையும் சுவையையும் மாற்றிவிடும். பின்னாலேயே பூஞ்சையும் வந்துவிடும். ஆகவே, விழுந்த காயை அன்றோ மறுநாளோ பொறுக்கி, உடனே உரித்துவிட வேண்டும் என்பதே முதல் விதி.

முற்றிய காயை அறிய, ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள். பருப்பின் இரு பாதிகளுக்கும் நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று இருக்கும். அது வெண்மையாகவும் பஞ்சு போலவும் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பருப்பு முற்றிவிட்டது. தோல் வெடிப்பது இதற்குப் பிறகுதான். வெப்பமான இடங்களில் இந்த இடைவெளி இரண்டு, மூன்று வாரம்கூட நீளும். பெரும்பாலான காய்கள் வெடித்ததும் மரத்தடியில் தார்ப்பாயை விரித்து, கொக்கி கட்டிய கழியால் கிளைகளைப் பிடித்து உலுக்குங்கள். கழியால் அடித்துச் சாய்ப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் அடுத்த ஆண்டுக் காய்ப்புக்கான மொட்டுகள் பெரும்பாலும் கிளை நுனிகளில்தான் இருக்கின்றன.

வெடித்த தோல் விரலால் தள்ளினாலே கழன்றுவிடும். ஒட்டிக்கொண்டிருப்பவற்றை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்தால் தோல் நெகிழும். அதன் பிறகும் விடாதவை பெரும்பாலும் முற்றாத காய்களாகவோ வெயிலில் வெந்தவையாகவோ இருக்கும், அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். கனத்த ரப்பர் கையுறை கட்டாயம். தோலின் சாறு முதலில் நிறமற்றுத் தெரிவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். காற்றுப் பட்டதும் அது பழுப்பாகி, எந்தச் சோப்புக்கும் அசையாமல் பல நாள் விரல்களில் தங்கும். (கறுப்பு வால்நட் என்பது வேறு இனம், அதன் தோல் தானாக வெடிக்காது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும் பதத்தில் பறித்து, தரையில் போட்டுக் காலணியால் உருட்டித்தான் தோலைக் கழற்ற வேண்டும்.)

உரித்த கொட்டைகளை உடனே நீரில் அலசித் தோல் துணுக்குகளைத் தேய்த்து எடுங்கள், ஊறப்போடக் கூடாது. ஓடு விரிசல் கண்டவற்றைத் தனியே எடுத்து முதலில் தின்று தீர்ப்பது நல்லது. மற்றவற்றை வலைத்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் மூன்று, நான்கு வாரம் உலர்த்தி, நாள்தோறும் புரட்டிவிடுங்கள். அவசரத்துக்கு அடுப்புச் சூட்டை நாட வேண்டாம். வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பருப்பிலுள்ள எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். உலர்ந்ததா என்று சொல்வதும் அதே நடுத்தடுப்புதான்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, டக்கென்று ஒடிந்தால் உலர்ந்துவிட்டது. அதன்பின் ஓட்டோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஓராண்டு வரை கெடாது.

உரித்த தோலையும் அலசிய நீரையும் மீன் வளரும் குளத்தில் கொட்டாதீர்கள். அதிலுள்ள ஜுக்லோன் என்ற பொருள் மீன்களுக்கு நஞ்சு. தக்காளிப் பாத்திக்கும் அது ஆகாது. பூசணம் பூத்த கொட்டைகளை மரத்தடியிலேயே விட்டுவைப்பது, வீட்டில் நாய் இருந்தால் அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.